பேயாண்டியின் சீமைப் பாவாடை

"மூச்ச உள்ள இழுங்கண்ணே."

"இழுத்துட்டேன்."

"இன்னுங் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா உசுரு போயிரும்டா, பால்பாண்டி!"

செல்லூர் தையல்காரன் பால்பாண்டி பாவாடையின் இரண்டு முனைகளையும் பிடித்து, சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்துப் பார்த்தான். முனைகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தனவே தவிர, சேருகிற உத்தேசம் இல்லை.

"ஒரு முழம் கொறையுதுண்ணே" என்று கையை விட்டான்.

பேயாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் மில் பேண்டில் பெரிய டிரம் அடிப்பவன். அந்த உடம்பைப் பற்றிப் பேசாத வாய் மதுரையில் கிடையாது. ஜட்காக்காரன் அவனைக் கண்டால் குதிரைக்காகப் பரிந்து பேசுவான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் எழுந்து இடம் மாறுவான். டிரம்மை மாட்டிய பிறகுதான் அந்த வயிற்றுக்கு ஒரு மரியாதை வந்தது. மற்றவர்கள் மாட்டினால் நாலு எட்டு வைப்பதற்குள் டிரம் முழங்காலில் இடிக்கும். பேயாண்டியின் வயிற்றிலோ அது அசையாமல் உட்காரும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவனைப் பஞ்சு அறையிலிருந்து பேண்டுக்கு மாற்றினார்கள். டிரம் போனால் மறுபடியும் பஞ்சு அறை, தூசி, இருமல், அதோடு "ஏய் குண்டா" என்கிற கூப்பாடு.

அந்த டிரம்முக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. சீமையிலிருந்து புது மேனேஜர் துரை வருகிறார். ஸ்காட்லாந்துக்காரர். அவர் ஊர் உடுப்பிலேயே பேண்டு நின்று வரவேற்க வேண்டும் என்று பழைய துரை சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். பெங்களூர் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பன்னிரண்டு கம்பளிப் பாவாடைகள், பச்சையில் கட்டம் போட்டவை, ஒரு டிரங்குப் பெட்டியில் வந்து இறங்கின.

"ஆம்பள பாவாடை கட்டுறதா?" என்று பேண்டே முணுமுணுத்தது.

"சீமைப் பட்டாளத்தான் இதக் கட்டிக்கிட்டுத்தான் சண்டையே போடுறான். நீங்க வாசிக்க மாட்டீங்களா?" என்று அதட்டினார் பேண்டு மாஸ்டர் தேவசகாயம். "உடுப்பு சேராதவன் ஒதுங்கிக்க. பேயாண்டி, உன்னத்தான். மருதுவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

தாளம் தட்டும் மருது பவ்யமாகத் தலைகுனிந்தான். அவன் இரண்டு வருஷமாக அந்த டிரம்மைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.

இதற்குத்தான் பேயாண்டி பால்பாண்டியிடம் ஓடியது.

முதல் வைத்தியத்தை அவன் பெண்டாட்டி மாயக்காள் சொன்னாள். "ஒரு வாரத்துக்குச் சோத்த விடு. கொள்ளுத் தண்ணி குடி. ஊளச்சதை கரஞ்சிரும்."

"கொள்ளத் தின்னு எந்தக் குதிரைடி எளைச்சிருக்கு?"

"குதிரை ஓடுது. நீ ஓடுறியா?"

ஏழு நாள் கொள்ளுத் தண்ணி குடித்தான். வயிறு கடமுடவென்று தனியாக ஒரு பேண்டு நடத்தியதோடு, கும்மென்று உப்பிக்கொண்டது. எட்டாம் நாள் பால்பாண்டி அளந்தான்.

"அண்ணே, இப்ப ஒரு முழம் நாலு விரக்கடை கொறையுது."

"நாசமாப் போச்சு! வேற வழி சொல்லுடா."

பால்பாண்டி யோசித்தான். "நம்ம தெருவு தறியில இதே கட்டத்துல ஒன்னரை முழம் நெய்யச் சொல்லுவோம். முன்னால ஒட்டுப் போட்டுர்றேன். டிரம்மு மறைச்சிரும்."

துணி நெய்து வந்தது. ஒட்டும் போட்டாயிற்று. இடுப்புக்குச் சேர்ந்தது. பேயாண்டி மகிழ்ச்சியில் பால்பாண்டியைக் கட்டிப் பிடிக்கப் போனான்; அவன் சமயோசிதமாக மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆனால் பழைய கம்பளி மங்கலாக இருந்தது, புது ஒட்டு பளபளவென்று கிளிப்பச்சையாக மின்னியது.

"ஒரு வெளுப்பு போட்டா ரெண்டும் ஒண்ணாயிரும்ணே" என்றான் பால்பாண்டி.

சலவைக்காரர் சின்னான் வீட்டில் போய்க் கொடுத்தார்கள். துரை கண்ணில் படப்போகிற துணி என்று கேள்விப்பட்டதும் சின்னானுக்கு ரோஷம் வந்துவிட்டது. சும்மா தண்ணீரில் அலசி அனுப்பினால் தன் கைக்கு என்ன பேர்? உவர்மண் போட்டு வெள்ளாவியில் வைத்துவிட்டார். ஊரில் எல்லாத் துணிக்கும் அதுதானே வழக்கம்.

மறுநாள் அவரே கொண்டுவந்தார். முகம் செத்திருந்தது.

"நல்லா வேகட்டும்னுதான் வச்சேன், பேயாண்டி. இப்படிச் சுருங்கும்னு யாரு கண்டா?"

வெந்த கம்பளி அட்டையாக விறைத்து நின்றது. இப்போது அந்தப் பாவாடை பேயாண்டியின் ஒரு தொடைக்குத் தாராளமாகப் போதும்.

விடிந்தால் துரை வருகிறார். பேயாண்டி பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டான். "போச்சு புள்ள. டிரம்மு போச்சு. மில் சாமானக் கெடுத்ததுக்கு வேலையும் போச்சு. இந்த வயித்துக்கு இருந்த ஒரே மரியாதையும் போச்சு."

மாயக்காளுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து தன் கண்டாங்கிச் சேலையை எடுத்தாள். பதினாறு முழம். கரும்பச்சையில் சிவப்புக் கட்டம்.

"எந்திரி."

"எதுக்கு?"

"எந்திரின்னா எந்திரி."

நீளவாக்கில் இரண்டாக மடித்தாள். முழங்கால் அளவுக்கு வந்தது. இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மிச்சத்தை முதுகுப் பக்கம் கொசுவம் கொசுவமாக மடித்துச் செருகினாள். அவள் தினமும் கட்டுகிற பின்கொசுவந்தான். மேலே மில் பெல்ட்டைப் போட்டு இறுக்கினாள்.

"ஏ புள்ள! பொம்பளச் சேலையக் கட்டிக்கிட்டு நான் ஸ்டேசன்ல நிக்கவா?"

"பாவாடை கட்டிக்கிட்டு நிக்க வெக்கமில்ல, சேலைன்னதும் வெக்கம் வருதாக்கும்!"

பேயாண்டி பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டான். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மட்டும் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

காலையில் ஸ்டேஷனில் பேண்டு வரிசையாக நின்றது. பாவாடையை எப்படிக் கட்டுவது என்று பெங்களூரிலிருந்து சொல்லி அனுப்பவில்லை. கொசுவம் வயிற்றுப் பக்கம் வரவேண்டும் என்பது வேட்டி கட்டிய எவனுக்கும் தெரிந்ததுதானே. பதினோரு பேரும் அப்படியே கட்டியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே வந்த தேவசகாயம் பேயாண்டியைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"அடப்பாவி! நீ மட்டும் முன்பின்னாத் திருப்பிக் கட்டியிருக்கியே! துணி வேற ஒரு தினுசா இருக்கு. எங்கப்பா புடிச்ச இத?"

"அது வந்துங்க மாஸ்டர்..."

"மாத்து, சீக்கிரம்!"

மாற்ற நேரமில்லை. ரயில் உள்ளே நுழைந்துவிட்டது. பேயாண்டி நெஞ்சுக்குமேல் எழும்பி நின்ற டிரம்மைப் போட்டு விளாசினான்.

டிரம்முக்கு மேலே அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் தொப்பி, சிவந்த மூக்கு, அவ்வளவுதான். தொப்பி பதினோரு பேரையும் விறுவிறுவென்று கடந்து வந்து இவன் முன்னால் நின்றது. பிறகு காணாமல் போயிற்று. முதுகுக்குப் பின்னால் யாரோ புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்குகிற சத்தம். கொசுவத்தை ஒரு கை தொட்டுப் பார்ப்பது போலிருந்தது. பேயாண்டி டிரம்மை இன்னும் பலமாக அடித்தான்.

துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். தேவசகாயத்தின் முகம் வெளிறிவிட்டது. "ஸாரி சார், ஸாரி சார், நாளையிலேருந்து இவன் இருக்க மாட்டான் சார்" என்று கும்பிட்டார். துரை போனதும் இவன்மேல் பாய்ந்தார்.

"யார் பண்ணின வேலை இதுன்னு கேட்டாருடா! என் மானமே போச்சு. டிரம்ம மருதுகிட்ட குடு."

"மாஸ்டர், பழகுன டிரம்மு மாஸ்டர்..."

"குடுன்னா!"

மருது ஏற்கெனவே தோள்வாரில் கை வைத்திருந்தான். பேயாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

சேலையை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் குப்புறப் படுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சோறு வேண்டாம் என்று சொன்னதில் மாயக்காள் பயந்தே போனாள்.

சாயங்காலம் சந்து முனையில் கார் சத்தம் கேட்டது. வாசலில் வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக ஓர் ஆள் வந்து நின்றான்.

"பேயாண்டி அண்ணே வீடு இதுதானே? நான் சோணைமுத்து. துரை பங்களா பட்லர்."

"சீட்டக் கிழிக்க வந்திட்டீகளா?" என்று எழுந்தான் பேயாண்டி.

பட்லர் கொடியை ஒரு பார்வை பார்த்தான். "அது அக்கா சேலைதானே?"

பேயாண்டி சேலையை மறைத்துக்கொண்டு கொடிக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்க ஆத்தா கட்டுறதும் கண்டாங்கிதாண்ணே. ஸ்டேசன்லயே கண்டுக்கிட்டேன். துரைகிட்டயும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா! ஏய்யா, உனக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணுனேன்?" பேயாண்டி பட்லரின் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்புட்டும் என் தப்புதான். என் வீட்டுக்காரிய ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொல்லு. பஞ்சு அறைக்கே போயிர்றேன்."

சோணைமுத்து தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"நீங்க எங்கயும் போக வேணாம்ணே; சீமையில கொசுவம் முதுகுப் பக்கந்தான் வரணுமாம், பன்னெண்டு பேருல நீங்க ஒருத்தர்தான் சரியாக் கட்டியிருந்தீங்களாம்.  துரைக்கு இடுப்பு உங்களவிட நாலு விரக்கடை கூட, சீமை பூராத் தேடியும் அவருக்குச் சேருற பாவாடை கெடைக்காம சொந்தக் கலியாணத்துக்கே கால்சட்டையோடதான் நின்னாராம், அக்காகிட்ட இன்னொரு கண்டாங்கி இருந்தா வாங்கிட்டு வரச் சொல்லிட்டு, திரைய இறக்கிவிட்டுக் கார்ல உக்காந்திருக்காரு."