லேத்தில் கடைந்த கேரட்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை.) ஜூஜுவாடியில் ஒழுகும் கொட்டகையில் ஒரே ஒரு பழைய லேத்தைப் போட்டு ஆரம்பித்தேன். பேங்க் கையை விரித்தது, மழைத்தண்ணீர் மோட்டாரை முழுங்கியது, கூட்டாளி சொல்லாமல் ஓடிப்போனான். இன்று ஆறு மெஷின் ஓடுகிறது. இத்தனை ஜெயித்தவனால் நாலு வயசுப் பேத்தி மித்ராவை ஒரு துண்டு காய் தின்னவைக்க முடியவில்லை.

மருமகள் சுகன்யா ஒரே போடாகப் போட்டாள்.

"தெனம் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயி பப்ஸ் வாங்கித் தர்றது நீங்கதான் மாமா. ஞாயித்துக்கெழமைக்குள்ள இவ காய் திங்கல, அப்பறம் பட்டறைப் பக்கமே அனுப்ப மாட்டேன்."

பேத்தி வராத பட்டறையில் எனக்கு என்ன வேலை?

சனிக்கிழமை ஒரு லேத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். (என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிக் குளித்ததில்லை.) இரும்பைக் கடைகிற மாதிரி கேரட்டைக் கடைந்து கொடுத்தால் குழந்தை ஆசையாகத் தின்னும் என்று என் மூளை சொன்னது. முதல் கேரட்டை மாட்டி இறுக்கினேன், ஜூஸ் வந்தது. இரண்டாவதைத் தளர்வாக மாட்டினேன். பறந்துபோய் ஆபரேட்டர் முருகேசன் நெற்றியில் அடித்தது.

"அண்ணா, சொல்லிட்டு சுடுங்கண்ணா!"

மூன்றாவதில் எட்டு பீஸ் வந்தது, பாலிஷ் போட்ட மாதிரி. மித்ரா தின்னவில்லை. ஒவ்வொன்றையும் கண்ணருகே தூக்கிப் பார்த்து, "ரிஜெக்ட்" என்று சொல்லி, அளவு தப்பிய பீஸைப் போடும் சிவப்பு டப்பாவில் போட்டாள். (நல்லவேளை, புது டப்பா.) எட்டும் ரிஜெக்ட்!

அப்போது வாசலிலிருந்து முருகேசன் கத்தினான்: "ஆடிட்டர் வந்துட்டாருண்ணா! ரிஜெக்ட்ட மறைங்க!"

ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து தரம் சோதிக்க ஆள் வந்தால் எங்கள் பட்டறையில் எப்போதும் கேட்கிற கத்தல்தான். அன்று மறைக்க இரும்பு ரிஜெக்ட் ஒன்றும் இல்லை என்று நான் தைரியமாக நின்றேன்.

கன்னடக்கார ஆடிட்டர் நேராக அந்த லேத்துக்கே போனார். தொங்கிய ஆரஞ்சு நிறச் சுருளை இரண்டு விரலால் தூக்கினார்.

"ஏனு சார் இது? என்ன மெட்டீரியல்?"

நான் அவசரமாகத் துணியை எடுத்து லேத்தைத் துடைக்க, அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"ரிஜெக்ட் எங்கே?"

டப்பா காலி! பக்கத்தில் மித்ரா, இரண்டு கன்னமும் உப்பி, அவசர அவசரமாக மென்றுகொண்டிருந்தாள்.

"ரிஜெக்ட் இல்ல அங்கிள்."

சொல்லும்போதே ஒரு பீஸ் நழுவி அவர் ஷூ மேல் விழுந்தது. லபக்கென்று எடுத்து அதையும் விழுங்கினாள்.

"மெஷினில் காய்கறி" என்று அவர் ரிப்போர்ட்டில் எழுதினார். எழுதட்டுமே! நான் அவர் எதிரிலேயே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"சுகன்யா, எட்டு பீஸ்! எட்டும் உள்ள போயிருச்சு!"

இன்றும் எங்கள் வீட்டில் பீன்ஸோ பப்பாளியோ தட்டில் மிஞ்சினால், யாராவது "ஆடிட்டர் வர்றாரு!" என்று குரல் கொடுப்பார்கள். மறு நிமிடம் தட்டு காலி. மருமகள் அதை வீடியோ எடுத்து, தன் யோசனை என்று எல்.கே.ஜி. அம்மாக்கள் குரூப்பில் போட்டிருக்கிறாள். கேட்டால், "கத்துனது முருகேசன், தின்னது மித்ரா, நீங்க என்ன மாமா பண்ணீங்க?" என்கிறாள்.

திட்டம் யாருடையது? ரிப்போர்ட்டில் திட்டு வாங்கியது யார்? அந்த வீடியோவில் என் பேர் வந்தாக வேண்டும். போட்டோவோடு.