பிரசவத் தலைப்பில் வடிவேலு

சியோனான் நகரத்தில், அதாவது போன வருஷம் வரைக்கும் சிங்கப்பூர் என்று இருந்த அதே ஊரில், 2603-ஆம் ஆண்டு முதல் நோய்கள் அனைத்தும் எஸ்டிமேட்டுக்கு உட்பட்டே வர வேண்டும் என்று சுகாதார அலுவலகம் ஒன்று தீர்மானம் செய்தது. 2603 என்றதும் பயந்துவிடாதீர்கள். நமக்கு அது வெறும் 1943. ஊர்ப் பெயரை மாற்றி, கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி, வருஷத்தையும் அறுநூற்று அறுபது முன்னால் தள்ளிவிட்டார்கள் ஜப்பான்காரர்கள். கொசுவை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை.

அந்தத் தீர்மானத்தை எழுத்தில் வடித்தவர் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். சிராங்கூன் ரோட்டு அலுவலக மாடியில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலி. வெள்ளைக்காரன் காலத்தில் ஆறு துரைமார் வந்து போனார்கள். அவர் எஸ்டிமேட்டில் ஒரு கமாவைக்கூட ஒருவரும் திருத்தியதில்லை. அந்த எஸ்டிமேட்தான் அவருக்கு முதல் தெய்வம்; சிவபெருமான் அதற்கு அடுத்தபடிதான்.

புது அதிகாரி ஒக்குடா ஜப்பானில் குடை வியாபாரம் பார்த்தவர். எந்த மாதத்தில் எத்தனை குடை விற்கும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு எந்த மாதத்தில் எத்தனை காய்ச்சல் வரும் என்று சொல்லத் தெரியாதா என்று மேலிடத்தில் நினைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு நாற்பது வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டே நிர்வாகம் நடத்தினார்.

"அடுத்த ஆண்டு மலேரியா எத்தனை பேருக்கு?" என்று கேட்டார்.

"கடந்த மூன்றாண்டுச் சராசரி, அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து. ஆக, நாளொன்றுக்கு நாற்பது பேர்" என்றார் அம்பலவாணர், மனப்பாடமாக.

"அது பிரிட்டிஷ் மலேரியா. நிப்பொன் ஆட்சியில் எதற்கு நாற்பது?"

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "முப்பது?" என்று சொல்லிப் பார்த்தார் அம்பலவாணர். ஒக்குடாவின் கை இடுப்பிலிருந்த வாள்மேல் போயிற்று.

"பத்து" என்றார் அம்பலவாணர்.

பத்துப் பேருக்கு மட்டும் குயினைன் வந்து சேர்ந்தது.

கீழ்த்தளத்தில் மருந்தகம். அங்கே டிரெஸர் எட்மண்ட். கட்டுப் போடுவது முதல் பல் பிடுங்குவது வரை எல்லாம் அந்த ஒரே மனிதர்தான். மூன்றாம் நாள் காலை மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"சார், நாப்பத்தோரு பேர் நிக்கிறாங்க. எல்லாம் குளிர் ஜுரம்."

"எஸ்டிமேட் பத்துப் பேருக்குத்தான்."

"அது எனக்குத் தெரியும் லா சார். கொசுவுக்குத் தெரியலையே! வடிவேலுவும் வந்திருக்கான். அவன் நடுங்குற நடுக்கத்துல பெஞ்சே ஆடுது."

வடிவேலு மாட்டு வண்டிக்காரன். ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்தில் அம்பலவாணர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன். குண்டு விழுந்த வாரத்தில், தன் சாமானையெல்லாம் தெருவில் போட்டுவிட்டு, அம்பலவாணரின் மனைவி இராசேஸ்வரியை வண்டியில் ஏற்றிப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவன். காசு கொடுத்தபோது கோபித்துக்கொண்டான். அவனைக் காய்ச்சலோடு திருப்பி அனுப்ப அம்பலவாணருக்கு மனசு வரவில்லை.

"வேற என்ன தலைப்பிலை மிச்சம் கிடக்குது?" என்று கேட்டார்.

"பாம்புக்கடி இருக்கு, நாய்க்கடி இருக்கு. அதுல எல்லாம் குயினைன் கிடையாது. பிரசவத் தலைப்புல மட்டும் இருக்கு சார், ஜுரம் கண்ட கர்ப்பிணிங்களுக்குன்னு. யாரும் வாங்க வர்றதில்ல, எல்லாரும் வீட்டுலயே பெத்துக்கிறாங்க."

"அப்ப அதிலை எழுதும்."

"சார், வடிவேலுக்கு மீசை இருக்கு."

"பதிவேட்டிலை மீசைக்குக் கட்டம் இருக்கோ?"

"இல்ல."

"பிறகென்ன காணும்! எத்தினையாம் மாதம் எண்டு ஒரு கட்டம் இருக்குது. அதை மட்டும் நிரப்பும்."

அப்படித்தான் வடிவேலு நாலாம் மாதக் கர்ப்பிணியாக அரசாங்கப் பதிவேட்டில் ஏறினான். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டு வண்டி பூட்டவும் போய்விட்டான். மீதி முப்பது பேரையும் எட்மண்ட் அதே பேனாவால் கர்ப்பிணிகளாக்கினார். ஒரே ஆள் பல நாள் மாத்திரை வாங்க வந்தாலும் பதிவேட்டில் ஒரே பெயர்தான்.

மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்த ஒக்குடாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மலேரியா, நாளொன்றுக்குப் பத்து. ஒன்று அதிகமும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. கர்ப்பிணிகளோ நாளுக்கு நாள் பெருகுகிறார்கள். "மகா கிழக்காசியாவின் வருங்காலம்!" என்று எழுந்து நின்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். இவ்வளவு சொன்னபடி கேட்கும் மலேரியாவுக்குப் பத்து எதற்கு என்று அதை ஐந்தாக்கினார், பிறகு மூன்றாக்கினார். வெட்டியதையெல்லாம் தூக்கிப் பிரசவத் தலைப்பில் போட்டார்.

தேக்கா வட்டாரம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. சந்தையில் ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பது போய், "உனக்கு எத்தனாம் மாசம்?" என்று கேட்பது நாகரிகமாயிற்று. கூலிக்காரனுக்கு மூணாம் மாதம், கடைக்காரனுக்கு அஞ்சாம் மாதம். மீன் மொத்த வியாபாரி முகைதீன் தன் அந்தஸ்துக்கு எட்டுக்குக் குறைந்து எழுதக் கூடாது என்று கவுண்டரில் சண்டையே போட்டார். நிஜமாகவே நிறைமாதமாக வந்த நஃபீசா என்ற பெண்ணை மட்டும், வரிசையில் ஆம்பிளைகள் முன்னால் நிற்கிறார்கள், பொறும்மா என்று உட்கார வைத்தார்கள்.

ஒன்பது மாதம் கழித்து ஒக்குடா பென்சிலால் மேசையைத் தட்டினார்.

"கர்ப்பிணிகள் எழுநூறு. குழந்தைகள் இருபத்திரண்டு. மற்றவை எங்கே?"

அம்பலவாணருக்கு வேர்த்து ஊற்றியது. ஆனால் இருபத்திரண்டு வருஷ அனுபவம் சும்மா விடுமா?

"கர்ப்பத்துக்குத்தான் இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறது, ஐயா. பெறுவதற்கு ஒதுக்கீடு இல்லை. ஆகவே பிரசவங்கள் யாவும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளன."

ஒக்குடா பென்சிலைக் கீழே வைத்தார். "சிக்கனம்" என்றார், மிகுந்த மரியாதையுடன்.

அடுத்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இந்த அலுவலகத்தின் எல்லைக்குள் நோய் குறைந்துவிட்டபடியால் ஆரோக்கியம் உபரியாக இருக்கிறது; உபரியிலிருந்து ஒரு கிராணியைச் சயாம் ரயில் பாதை முகாமுக்கு அனுப்பவும். சயாமுக்குப் போனவன் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள்கூடச் சுகவீன லீவு எடுக்காதவர் அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அம்பலவாணர் அந்தத் தாளைப் படித்த வேகத்தில் மாடிப்படி இறங்கினார்.

"எட்மண்ட், எனக்கு மலேரியா எண்டு எழுதும்."

"இன்னிக்கு மூணும் எட்டு மணிக்கே முடிஞ்சு போச்சு சார்."

"பாம்புக்கடி?"

"பாம்பைக் கொண்டாந்து காட்டணும். நீங்க போட்ட ரூல்தான் சார் அது."

அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏழாம் மாதம் எண்டு போடும்" என்றார் மெல்ல. "இராசேஸ்வரிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்."

மறுநாள் ஒக்குடா முன்னால் விரித்த பதிவேட்டில் முத்திரையும் அம்பலவாணரின் கையெழுத்தும் இருந்தன. கர்ப்பிணியைச் சயாமுக்கு அனுப்ப விதி இல்லை. ஒக்குடா அம்பலவாணரை ஏற இறங்கப் பார்த்தார், முத்திரையை ஒரு தடவை பார்த்தார், பிறகு எழுந்து தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டார்.

1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஊருக்கே போன உயிர் வந்தது. ஒக்குடா போன இடத்தில் ஒரு மேஜர் உட்கார்ந்தார். நல்ல மனிதர், கிராணிக்கே குட்மார்னிங் சொல்கிற மனிதர். ஜப்பான்காரன் நோட்டு செல்லாது, ஜப்பான்காரன் சட்டம் செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் எஸ்டிமேட் போட மூன்றாண்டுச் சராசரி வேண்டுமே! அதனால் ஜப்பான்காரன் புள்ளிவிவரம் மட்டும் செல்லும் என்றார்.

"மலேரியா நாளுக்கு மூன்று. அருமை! குயினைன் அதற்கு மேல் வேண்டாம். ஆனால் இரண்டாயிரத்து நூறு பிரசவம் பாக்கி இருக்கிறதே? இரண்டாயிரத்து நூறு தொட்டிலுக்கு எழுதுங்கள். அப்புறம், பழைய பிரசவத்தை முடிக்காதவர்களைப் புதிதாகப் பதிய வேண்டாம். இதில் பிழை ஏதாவது உண்டா, மிஸ்டர் அம்பலவாணர்?"

வாசலில் நின்ற எட்மண்ட் கண்ணாலேயே கெஞ்சினார். அம்பலவாணர் வாயைத் திறந்தார். பிழை என்று சொன்னால் பதிவேட்டைப் பெயர் பெயராகப் புரட்டுவார்கள். நாற்பத்தேழாம் பக்கத்தில் அவருடைய சொந்தப் பெயர், ஏழாம் மாதம் என்று, அவருடைய அழகான கையெழுத்தோடு இருக்கிறது.

"இல்லை, சேர்" என்றார்.

பத்து நாள் போகவில்லை. எட்மண்ட் மாடிக்கு ஓடி வந்தார்.

"சார், வடிவேலு திரும்பப் படுத்துட்டான். நினைவு இல்லாம என்னென்னமோ பேசுறான். மலேரியா மூணும் முடிஞ்சு போச்சு. பிரசவத்துல எழுதலாம்னா அவனுக்குப் பழைய பிரசவம் பாக்கி நிக்குது, ஸ்டோர்ல மாத்திரை தர மாட்டேங்குறாங்க. மாதா சத்தியமா சொல்றேன், உண்மையைச் சொல்லிடுங்க சார். நானும் கூட வந்து நிக்கிறேன்."

"வாயாலை சொல்லேலாது. எழுத்திலை வைக்கிறன்."

அன்றைக்கு முழுக்க எழுதினார். 'மேன்மை தங்கிய தங்கள் சமூகத்துக்குத் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' வரைக்கும் நன்றாக வந்தது. தன்னைப் பற்றிய வரி வரும்போதெல்லாம் தாளைக் கிழித்துப் போட்டார். மறுநாளும் எழுதினார். மூன்றாம் நாள் காலை வடிவேலு செத்துப்போனான்.

அவன் மனைவி தங்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் அரிசி கார்டைப் பிரித்துத் தர மாட்டேன் என்கிறார்களாம். அழுது அழுது அவளுக்குக் குரலே வரவில்லை. அம்பலவாணர் படிவத்தை எடுத்தார். இறப்புக்கான காரணம், பதிவேட்டிலுள்ள தலைப்பின்படியே இருக்க வேண்டும் என்பது விதி. எட்மண்ட் பேனாவை மேசைமேல் எறிந்துவிட்டுக் கீழே போய்விட்டார். அம்பலவாணர்தான் எழுதினார், பிரசவத்தின்போது மரணம் என்று. எழுதும்போது தங்கத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவரால்.

கையெழுத்துக்குப் போன தாளை மேஜர் படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பாவம், பிள்ளைப்பேற்றில் போய்விட்டாளே அந்தப் பெண்! பிள்ளைகள் உண்டா?"

"நாலு, சேர்" என்றார் அம்பலவாணர். மூன்று வருஷத்தில் அந்த மாடியில் அவர் சொன்ன முதல் உண்மை அது. அதைச் சொன்ன வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட இன்னொரு முறை வாயைத் திறந்தார்.

மேஜர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தாளில் கையெழுத்திட்டார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போலப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"நாலு என்றா சொன்னீர்கள்? அப்படியானால் பிரசவ பாக்கியில் நாலைக் கழித்துவிடுங்கள்."

அம்பலவாணர் கழித்தார்.