வினையடை இட்லி

இட்லி வினையடையா, இல்லையா என்று அமலராணிக்குத் தெரியவில்லை.

தவறு அவளுடையதுதான். ‘ஓடினான்’ என்றால், ‘எப்படி ஓடினான்?’ என்று கேட்டதும் வரும் பதில் வினையடை. இங்கிலீஷ் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சேலையூர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விழித்ததைப் பார்த்து ஒரு குறுக்குவழி காட்டினாள்.

“கடைசியில எல்-ஒய் வந்தா அட்வெர்ப். ஸ்லோ, ஸ்லோலி. வீட்டுக்குப் போற வழியில போர்டெல்லாம் பாருங்க. எல்-ஒய் கிடைச்சா எழுதிட்டு வாங்க.”

எண்பத்தேழாம் வருடத்துத் தாம்பரத்தில், ஓட்டல் வாசல்களில் ஒரே ஒரு எல்-ஒய்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் மொத்த வகுப்பும் ஐ-டி-எல்-ஒய் என்று எழுதிக்கொண்டு வந்து நின்றது.

“அது சாப்பாடும்மா. நவுன்.”

“எல்-ஒய் இருக்கே மிஸ்!”

எதையும் கழற்றிக் காட்டிப் புரியவைப்பதில் அமலராணிக்குத் தனி ஆசை.

“எல்-ஒய்யைக் கழட்டிடுங்க. மிச்சம் ஒரு வார்த்தை நின்னா அட்வெர்ப். ஸ்லோலியில ஸ்லோ நிக்குது. இட்லியில? வெறும் ஐ-டி. அதுக்கு அர்த்தமே இல்ல. அதனால இட்லி அட்வெர்ப் கிடையாது.”

அடுத்த நாள் சாமுண்டீஸ்வரி தன் அப்பாவின் அகராதியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தாள். ஐ-டி-எல்-ஒய்: வினையடை. சோம்பலாக. ‘ஐடில்’ என்ற சொல், கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு ஒய்யை ஒட்டிக்கொண்டிருந்தது. அமலராணியின் காது சுட்டது.

“சரி, அதுவும் அட்வெர்ப்தான். ஆனா ஐட்லின்னு சொல்லணும்.”

“இட்லி!” என்று வகுப்பு வெற்றிக்களிப்பில் கூவியது.

அந்த நேரம் பார்த்துக் கரஸ்பாண்டென்ட் முனிரத்தினம் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடமே அவருடைய பழைய நெல்வயலில் கட்டியதுதான். இந்த ஜூனில், போன வாரம்தான் புதிதாகச் சேர்ந்த அமலராணியின் வேலை நிலைக்குமா என்று சொல்ல வேண்டியவர் அவர். பக்கத்து வகுப்பு யூனிஸ் டீச்சர் முன்பே எச்சரித்திருந்தாள்: “வாயத் திறக்கமாட்டார். பார்த்துட்டே இருப்பார்.”

அவர் மனத்தைக் குளிர்விக்க நினைத்த அமலராணி, “சாரைப் பத்தி அட்வெர்ப் வச்சு ஒண்ணு சொல்லுங்க,” என்றாள்.

சாமுண்டீஸ்வரி எழுந்தாள். “கரஸ்பாண்டென்ட் சார் சிட்ஸ் இட்லி.”

சார் சோம்பலாக உட்கார்ந்திருக்கிறார். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை.

“பாப்பா இன்னா சொல்லுது?” என்றார் முனிரத்தினம்.

“நீங்க... இட்லி சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்களாம் சார்,” என்று அமலராணி சமாளித்தாள்.

அவர் அவசரமாக மீசையைத் துடைத்தார். “சட்னி ஒட்டிக்கினு கீதா?”

“சாரை விடுங்க, என்னைப் பத்திச் சொல்லுங்க,” என்றாள் அமலராணி.

எலியேசர் குதித்து எழுந்தான். “மிஸ் வொர்க்ஸ் ஹார்ட்லி!”

ஹார்டு என்றால் கடுமை. எல்-ஒய் சேர்த்தால் ‘கடுமையாக’ என்று வரவேண்டும். பையன் விதிப்படிதான் போயிருக்கிறான். ஆனால் ஹார்ட்லி என்றால் ‘அநேகமாக இல்லவே இல்லை’. மிஸ் வேலையே செய்வதில்லை என்றாகிவிடும். அவனைத் திருத்தினால், தான் கற்றுக்கொடுத்த விதி பொய் என்று சாருக்கு எதிரிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

“அது இன்னாம்மா?”

“மிஸ் கடுமையா உழைக்கிறாங்கன்னு அர்த்தம் சார். கரெக்டாச் சொன்னான்.”

“ஹார்ட்லி... ஹார்ட்லி...” என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அவர் சிரித்த முகத்துடன் போனார்.

மறுநாள் காலை பள்ளி வாசலில், பெயிண்ட் காயாத புதுப் பலகை. அட்மிஷன் நேரமல்லவா? சிவப்பு ஆங்கில எழுத்தில் ஆளுயரத்துக்கு நின்றது: ‘அவர் டீச்சர்ஸ் வொர்க் ஹார்ட்லி.’

மகனைச் சேர்க்க வந்த ஒருவர் வாய்விட்டுப் படித்தார். “எங்கள் ஆசிரியர்கள் வேலை செய்வதே இல்லை! பரவாயில்ல, உண்மைய வாசல்லயே போட்டுட்டாங்க,” என்று வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

யூனிஸ் டீச்சர் தலைப்பால் முகத்தை மறைத்தபடி உள்ளே ஓடிவந்தாள். “யாருடி அவருக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?”

“தெரியலையே அக்கா,” என்றாள் அமலராணி. பொய்களில் இது மூன்றாவது. அவளுக்கே தன் குரலைக் கேட்கக் கூசியது.

தாங்க முடியாமல் ஆபீஸ் அறைக்குப் போனாள். சார் இல்லை. அவர் மனைவி செல்லியம்மாள், டிபன் கேரியரை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். அமலராணி உடைந்து அழுதுவிட்டாள்.

“சார் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தப்போ பயத்துல அந்த வார்த்தைக்குத் தப்பா அர்த்தம் சொல்லிட்டேன்மா. அதான் போர்டுல ஏறி, ஊரே சிரிக்குது. நான் வேலைய விட்டுப் போயிடறேன்.”

செல்லியம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இப்போது வெட்கப்பட்டது அவள்தான். குரலைத் தாழ்த்தினாள்.

“வெளிய சொல்லிடாத டீச்சரம்மா, அவரு உன்ன செக் பண்ண வர்ல, ஒண்ணாங்கிளாசு, ரெண்டாங்கிளாசு ரெண்டையும் கடைசி பெஞ்சுல குந்தியே முடிச்சிட்டு, இந்த வருசம் மூணாங்கிளாசு இங்கிலீசு கத்துக்கினு கீறாரு, இப்பவும் அங்கதான் உனக்காகக் காத்துக்கினு கீறாரு, போய் அந்த வார்த்தைய சரியா சொல்லிக் குடு, போர்ட அவரே அழிச்சிடுவாரு.”