மீன்தொட்டி விசாரணை

"உன்னை நீக்கினா இங்க என்னம்மா நின்னுபோகும்?"

எங்கள் மேலாளர் என்னிடம் கேட்ட இந்தக் கேள்வி, நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்கது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அலுவலகத்தின் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது என் வேலை. அன்று காலை, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் அந்தக் கணினியில் இடம் தீர்ந்து ஸ்கேனர் நின்றது. மேலாளர் ஒரே நொடியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்: நான்தான். மூன்று மணிக்கு 'இடமீட்பு உயர்நிலைக் கூட்டம்'. அதில் என் வேலை பற்றி 'உரிய முடிவு' எடுக்கப்படும்.

கணினியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதற்குள் உள்ளே துழாவினார்.

"ஏம்மா, நீ ஏத்தினது இத்துனூண்டுதான். இங்க மீன்தொட்டிக்கு என்ன வேலை?"

"எந்த மீன்தொட்டிண்ணா?"

"திரையில மீன் நீந்துற சாஃப்ட்வேர். கூடவே சினிமா பிளேயர், பாட்டுப் பெட்டின்னு முந்நூத்தி நாப்பது சாஃப்ட்வேர். ஒருத்தரைக் கூப்பிட்டா தெருவே வந்து உக்காந்த மாதிரி!"

லினக்ஸில் மென்பொருள் தனியாக வராது. தனக்கு வேண்டியவற்றையும் அழைத்து வரும். யார் யாரை அழைத்தது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடும். மனிதர்களுக்கு இந்த நாகரிகம் இன்னும் வரவில்லை.

கூட்டத்தில் அண்ணன் எல்லோர் முன்பும் கேட்டார். பாட்டுப் பெட்டியை அழைத்தது சினிமா பிளேயர். அதையும் மீன்தொட்டியையும் அழைத்தது 'நல்வரவு'. மேலாளர் காலையில் கணினியைத் திறந்ததும், அவர் படத்தைச் சுற்றி மீன்கள் நீந்த, இசை முழங்கும் அரிய மென்பொருள் அது. அதை அழைத்தது, எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் இருந்தே தீர வேண்டிய மென்பொருள்களின் 'அத்தியாவசியப் பட்டியல்'.

"பட்டியல்ல அதைச் சேர்த்த புண்ணியவான் யாருய்யா?" மேலாளர் மேசையைத் தட்டினார். கண்டிப்பு என்றால் அதுவல்லவா கண்டிப்பு!

அண்ணன் திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். 'சேர்த்தவர்: மேலாளர். குறிப்பு: யாரும் நீக்கக் கூடாது.'

யாரோ சிரிப்பைத் தும்மலாக மாற்றினார்கள்.

"சார், காலைல இந்தப் பொண்ணுகிட்ட நீங்க கேட்டதையே இந்தக் கம்ப்யூட்டர்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். நல்வரவை நீக்கினா என்ன நிக்கும்னு."

"என்ன நிக்கும்?"

"ஒண்ணும் நிக்காது சார். இடம்தான் கிடைக்கும்."

அண்ணன் விசையைத் தட்டி நல்வரவை நீக்கினார். மூலையில் ஸ்கேனர் உறுமி எழுந்தது. மேலாளரும் எழுந்து வெளியே போனார்.

நான் உன்னிப்பாகக் கவனித்தேன். ஸ்கேனர், பிரிண்டர், மின்விசிறி, சுவர்க் கடிகாரம். எதுவும் நிற்கவில்லை.