இரு பக்கமும் சமன்

சமத்துவத்தை உலகில் முதன்முதலாக நடைமுறைப்படுத்திய தேசம் பிரான்ஸ் என்று எழுதிவைத்த சரித்திராசிரியர்களில் ஒருவர்கூட வேலணைத் தீவுக்கு வந்ததில்லை. வந்திருந்தால், 1958ஆம் ஆண்டு ஸ்ரீ சமரச வித்தியாசாலையின் எட்டாம் வகுப்பைப் பார்த்துவிட்டுத் தங்கள் புத்தகங்களைத் திருத்தியிருப்பார்கள். அந்த வகுப்பின் கணக்கு வாத்தியார் நான். ஆகவே நான் சொல்வதில் பிழை இராது.

எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் நீளப் பலகை வாங்கில் இருந்தார்கள். 'சில குடும்பங்களைச்' சேர்ந்த ஆறு பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். இது வித்தியாசம் அல்ல, குளிர்ச்சி என்று எங்கள் பள்ளிக்கூட மனேச்சர் அம்பலவாணர் விளக்கம் தந்திருந்தார். வெயில் கொடிய தீவில் தரைதான் சுகம் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அந்தச் சுகத்தைத் தியாகம் செய்துவிட்டு அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

அந்த வருடம் சமன்பாடு படிப்பித்தேன். கரும்பலகையில் 5x + 2 = 3x + 10 என்று எழுதி, "அங்காலைப் பக்கம் போனால் குறி மாறும்" என்று மூன்று தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள்.

"ஏன் சேர் மாறுது?" என்று கேட்டாள் சறோஜினிதேவி. மனேச்சரின் பேத்தி என்பதால் அவளுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது.

"பண்ணைக் கடலைத் தாண்டிப் பட்டணம் போனவன் ஆரெண்டாலும் மாறாமல் இருக்கிறானே? அதுபோலைதான்."

விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. விடைதான் ஒருவருக்கும் வரவில்லை. அப்போது தரையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. செல்லக்கிளி. தகப்பன் பனை சீவுகிறவர்.

"சேர், ஒண்டும் மாறேல்லை. ரண்டு பக்கத்திலையும் மூண்டு எக்ஸை எடுத்துப்போட்டம். பேந்து ரண்டு பக்கத்திலையும் ரண்டை எடுத்துப்போட்டம். ஒரு பக்கத்துக்குச் செய்யிறதை மற்றப் பக்கத்துக்கும் செய்தால் சமன் குழம்பாது. ரண்டு எக்ஸ் எட்டு. அப்ப எக்ஸ் நாலு."

பதினொரு வருட ஆசிரிய சேவையில் அன்றுதான் எனக்குச் சமன்பாடு விளங்கியது. அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல், "ம், பறவாயில்லை" என்றேன்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வருவதாகக் கடிதம் வந்தது. மனேச்சர் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் அவரும் நானும்.

"மாஸ்டர், தரையிலை ஒரு பிள்ளையும் இருக்கக்கூடாதெண்டு சுற்றுநிருபமாம். என்ன செய்வம்?"

"ரண்டு வாங்கு போட்டால் சரி, ஐயா."

"எத்தினை நாளைக்கு?"

நான் யோசித்தேன். "அவர் எத்தினை நாள் நிற்பார்?"

"ஒரு நாள்."

"அப்ப ஒரு நாளைக்கு."

"நீர் கெட்டிக்காரன், மாஸ்டர்" என்றார். கிராமச் சங்கத்திலிருந்து இரண்டு வாங்குகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. இரவல் பத்திரத்தில் தேவையின் காரணம் கேட்டிருந்த இடத்தில், 'சமத்துவம், ஒரு நாள்' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

வித்தியாதரிசி வந்தார். கணக்குச் செய்து காட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டார். செல்லக்கிளி எழுந்து போய்ச் செய்து முடித்தாள்.

"ஏன் பிள்ளை, ரண்டு பக்கத்திலையும் கழிச்சனீர்?"

"ஒரு பக்கத்திலை மட்டும் எடுத்தால் அது அநியாயம், ஐயா."

அவர் உரக்கச் சிரித்தார். 'இப்பாடசாலையில் சமன்பாடு மிகச் சிறப்பாகக் கற்பிக்கப்படுகிறது' என்று பதிவேட்டில் எழுதினார். மனேச்சர் எனக்குக் கைகொடுத்தார். நான் பணிவுடன் ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டி வந்து வாங்குகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஐந்து பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். செல்லக்கிளி நின்றாள்.

"இரு பிள்ளை."

"எங்கை சேர்?"

"வழக்கமாய் இருக்கிற இடத்திலை."

"இந்தப் பக்கத்து வாங்கை எடுத்தால் அந்தப் பக்கத்து வாங்கையும் எடுக்கோணும், சேர். இல்லாட்டில் கணக்குப் பிழைச்சுப்போம்."

அவள் இருக்கவில்லை. நான் பிரம்பைத் தேடினேன். அதற்குள் சறோஜினிதேவி வாங்கிலிருந்து எழும்பினாள். எல்லோரும் பார்த்திருக்க, பட்டுப்பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தரையில் போய் இருந்தாள்.

"கணக்குச் சரிதானே, சேர்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மனேச்சர் வாசலில் வந்து நின்றார். பேத்தி இருந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்குக் குளிர்ச்சி பற்றிய தம் ஆராய்ச்சி முழுவதும் மறந்துபோயிற்று.

"எழும்படி!" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆர் இதைப் படிப்பிச்சது?" என்றார்.

நான் செல்லக்கிளியைக் கையால் காட்டினேன்.

அன்று பின்னேரம் இரண்டாவது கூட்டம் நடந்தது. ஆறு குடும்பங்களுக்கும் கடிதம் போயிற்று. 'கல்வியில் போதிய முன்னேற்றமின்மையால்' பிள்ளைகளை இனி அனுப்பவேண்டாம் என்ற அந்த வசனமும் என்னுடைய கையெழுத்துத்தான். மறுநாள் செல்லக்கிளியின் தகப்பன் கடிதத்தோடு பள்ளிக்கூட வாசல் படலையில் வந்து நின்றார்.

"பிள்ளை என்ன பிழை விட்டவள், வாத்தியார்?"

"மனேச்சர் ஐயாவைக் கேளும்" என்றேன். ஐயா வீட்டுக்குள் போக அவருக்கு ஏலாது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வருடமும் வித்தியாதரிசி வந்தார். தரையில் ஒரு பிள்ளையும் இல்லை. இரவல் வாங்கும் தேவைப்படவில்லை. 'பூரண சமத்துவம் நிலவுகிறது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடியவர், ஏதோ நினைவு வந்தவராய் நிமிர்ந்தார்.

"போன முறை அந்தக் கணக்கைச் செய்த பிள்ளை எங்கை?"

மனேச்சர் என்னைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்குக் கணக்கு ஏறேல்லை, ஐயா" என்றேன். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பி, அவள் எனக்குப் படிப்பித்த பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.