கன்னையன் குறை சொன்ன வீடு

"இது என்ன சுவரா, இல்ல பொரிச்ச அப்பளமா?"

கேட்டுக்கொண்டே கன்னையன் ஹாலின் நடுச்சுவரை விரல் முட்டியால் தட்டினார். சுவர் பாறை மாதிரி இருந்தது. வலித்ததென்னவோ முட்டிதான். ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை.

"மாமா, நான் ஒன்னு சொல்லணும்..." என்றான் அருண்பாண்டி.

"நீ வாயே தொறக்காத. நான் பேசுறத மட்டும் கேளு."

அன்று காலையில்தான் ராசிங்காபுரத்திலிருந்து தங்கச்சி சந்திரவல்லி போனில் அழுதிருந்தாள். "அண்ணே, உன் மருமகனும் அவன் பொண்டாட்டியும் போடியில வீடு பாத்திருக்காகளாம். முப்பத்தெட்டு லட்சமாம். பேங்குல கடனாம். நீ சொன்னாத்தான் அவன் கேப்பான். வெரசாப் போயித் தடுத்து விடுண்ணே."

அருண்பாண்டிக்குத் தேனி நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை. அவன் மனைவி அனுசியாவுக்கு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை. ரெண்டு சம்பளத்தையும் சேர்த்தால் ஐம்பத்தெட்டாயிரம். கன்னையன் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பாதிச் சம்பளம் இருபது வருஷத்துக்குப் பேங்குக்குப் போகும். நடுவில் மில்லு மூடினால் வீடும் போகும், கட்டின பணமும் போகும். அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. இருக்கிற ஒரே மருமகன் கண்ணெதிரே குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? மில்லு வாசலிலேயே அவனை மடக்கி, பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்து, நேரே சிலமலை ரோட்டில் இருந்த அந்த வீட்டுக்கே ஓட்டச் சொல்லிவிட்டார்.

வழியெல்லாம் அருண்பாண்டி, "மாமா, அந்த வீட்டப் பத்தி..." என்று ரெண்டு தடவை ஆரம்பித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா. வீட்டப் பத்தி நான் சொல்றேன்."

சொன்னார். வீட்டுக்காரர் ராஜாராமை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டே சொன்னார்.

"அடுப்படி கோழிக்கூடு மாதிரி இருக்கு. படி செங்குத்தா நிக்குது, கிழவன் ஏறுனா திரும்ப எறங்க மாட்டான். ஜன்னலத் தொறந்தா ஆடிக்காத்துல வீட்டுக்குள்ள ஆளே நிக்க முடியாது. இத எவன் வாங்குவான் ராஜாராமு?"

கட்டின வீட்டை இப்படிப் பேசினால் எவனுக்கும் கோபம் வரும். ராஜாராமுக்கு வரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி ஈஸ்வரி டீ கொண்டுவந்தாள்.

"டீயும் தண்ணியாத்தான் இருக்கு" என்றார் கன்னையன்.

ஈஸ்வரி சிரித்த முகத்தோடு உள்ளே போய் இன்னொரு டீயும், ஒரு தட்டு முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

அருண்பாண்டியோ செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு, முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பாக்குற?"

"நீங்க தட்டுன எடத்தத்தான் மாமா."

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டின் விலை நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

"என்னய்யா இது? இருக்கிற குறையப் பூரா எடுத்துச் சொல்லியிருக்கேன். மூணு லட்சம் ஏத்துறியே?" என்று போனில் கத்தினார் கன்னையன்.

"நீங்களே நேர்ல வந்துட்டீகளேண்ணே" என்றார் ராஜாராம், ரொம்ப மரியாதையாக.

சரி, இவனிடம் பேசிப் பிரயோசனமில்லை. பையனுக்குத்தான் கண்ணால் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார் கன்னையன். முப்பத்தைந்து வருஷமாகப் போடி வியாபாரி ஒருவருக்காக மலைமேல் போய் ஏலக்காய் வாங்கிவருவதுதான் அவர் சோலி. கடன் வாங்கிக் கெட்டவர்களில் ஊருக்கு ரெண்டு பேரை அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அருண்பாண்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டி முனீஸ்வரனிடம் கூட்டிப்போனார்.

முனீஸ்வரன் ஒரு காலத்தில் எட்டு ஏக்கர் ஏலத்தோட்டத்துக்கு முதலாளி. காய் விலை உச்சத்தில் இருந்த வருஷம் தோட்டத்தை அடகு வைத்து, ஊரில் மூணு மாடி கட்டினார். மறுவருஷம் விலை இறங்கியது. இப்போது அடுத்தவர் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் காவல்; படுக்கையும் அங்கேதான்.

"எல்லாம் வெறுதே போச்சு தம்பி" என்றார் முனீஸ்வரன். மலையிலேயே கிடந்து அவர் பேச்சில் பாதி மலையாளம் ஏறியிருந்தது. "மூணு மாடி கட்டுனேன். ஒரு மாடியிலகூட ஒரு ராத்திரி நிம்மதியா ஒறங்கல. பேங்குக்காரன் செருப்புச் சத்தம் கேட்டா நெஞ்சு அடைக்கும். இப்ப இந்தச் சாக்கு மேல நல்லா ஒறங்குறேன்."

"கேட்டியா மாப்ளே? அனுபவிச்ச மனுசன் சொல்றாரு" என்றார் கன்னையன்.

அத்தோடு திரும்பியிருந்தால் கதையே வேறு. ஆனால் ஸ்டோருக்குள் சாக்கு சாக்காகக் காய் இருந்தது. முப்பத்தைந்து வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கை தானாகச் சாக்குக்குள் போனது. நாலு காயை எடுத்தார். ஒன்றைக் கடித்தார். தூவென்று துப்பினார்.

"இது காயாய்யா? பச்சையக் காணோம். பாதி சூம்பிக் கெடக்கு. இதப் போடிக்கு ஏத்துற ஜீப்பு வாடகைக்குத் தேறுமா?"

"அண்ணே, கொறைக்கச் சொல்லிக் கேக்காதீக. முதலாளி என்னையத் தின்னுபுடுவாரு" என்று முனீஸ்வரன் சிரித்தார்.

கால் மணி நேரம் அந்தக் காயைத் திட்டினார் கன்னையன். அதன் பிறப்பையே சந்தேகப்பட்டார். பிறகு ஆறு மூட்டையையும் எடை போட்டு ஜீப்பில் ஏற்றினார்.

பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரிலும் எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒரு காயைக் கடித்தார். "அடடா, அருமையான சரக்கு. தங்கம் மாதிரி இருக்கு. நல்லா இருங்க" என்று கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"அதை ஏன் மாமா வாங்கல?" என்று கேட்டான் அருண்பாண்டி.

"ஈரம்டா. ரெண்டு நாள்ல பூசணம் பூத்துப்போகும். வாங்காத சரக்க எதுக்குக் குறை சொல்லி வாய நோகடிக்கணும்?"

ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி இறங்கியது. அருண்பாண்டி வெகுநேரம் யோசனையாக இருந்தான். அடிவாரத்தில் முந்தல் வரும்போது அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"இப்ப எனக்குப் புரிஞ்சுபோச்சு மாமா."

"என்ன புரிஞ்சுச்சு?"

"எல்லாமே."

கன்னையனுக்குக் கண் கலங்கியது. கெட்டிக்காரப் பிள்ளை, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். போடியில் இறங்கி அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அருண்பாண்டி பேங்கில் கடனுக்கு எழுதிக் கொடுத்தான். அனுசியாவின் நகை மதிப்புப் பார்க்கப் போனது. வீட்டின் விலை நாற்பத்துநாலு ஆனது.

கன்னையனுக்குத் தலை சுற்றியது. கடைசியாக ஒரு வழி தோன்றியது. யாருக்கும் தெரியாமல் ராஜாராமிடம் போய், தன் சேமிப்பிலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இத அட்வான்ஸா வச்சுக்க. 'வீடு வேற ஆளுக்கு முடிஞ்சுபோச்சு'ன்னு என் மருமகன்கிட்டச் சொல்லிரு. ரெண்டு மாசம் போனா அவனுக்கு மோகம் தெளிஞ்சுரும். அப்பறம் நீ யாருக்கு வேணா வித்துக்க."

ராஜாராம் பணத்தைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். அருண்பாண்டியிடமும் சொன்னார். அவன், "யாருண்ணே அந்த ஆளு?" என்று கேட்டான். ராஜாராமுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆதாயம் இல்லாத இடத்தில் சுத்தமாகத் தெரியாது.

"உங்க மாமாதான் தம்பி" என்றார்.

மறு பஸ்சில் வந்து இறங்கினாள் சந்திரவல்லி. தெருவிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏண்ணே, ஒத்தையாளு, பெத்த பிள்ளையில்லாத உனக்கு என்னாத்துக்கு அம்புட்டுப் பெரிய வீடு? என் மகன் ஆசைப்பட்டதுக்கு நீயே குறுக்க விழுவியா?"

கன்னையனுக்கு அந்தச் சொல் நெஞ்சில் போய் நின்றது. பெண்டாட்டி செத்து எட்டு வருஷத்தில், பிள்ளையில்லை என்று கூடப்பிறந்தவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை.

"தாயி, தடுக்கச் சொன்னதே நீதானே?"

"தடுக்கத்தான் சொன்னேன். தட்டிப் பறிக்கவா சொன்னேன்?"

"எனக்கு எதுக்குடி வீடு? அவன் கடன்ல விழக்கூடாதுன்னுதான்..."

"அப்படியா? பேங்குல ஜாமீனுக்கு ஒரு ஆளு வேணுமாம். உனக்கு அந்த வீட்டு மேல ஆசை இல்லேன்னா நீ வந்து கையெழுத்துப் போடு. அப்ப நம்புறேன். இல்லேன்னா இன்னையோட எனக்கு அண்ணன் இல்ல."

கடன் வாங்காதே என்று சொல்லப் போனவர், அந்தக் கடனுக்கே ஜாமீன் போட்டார். தன் பெயரில் இருந்த டெபாசிட் ரசீதையும் மேனேஜர் மேஜையில் வைத்தார். ராஜாராம் ஐம்பதாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மன்னிச்சுக்கங்கண்ணே. உங்களுக்குப் போயிரக்கூடாதுன்னு மருமகன் நாப்பத்தேழு சொல்லிட்டாரு" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பத்திரம் பதிந்த அன்று, ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். கடன் நாற்பத்திரண்டு லட்சம். மாசம் முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் டியூ. அனுசியாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சந்திரவல்லிக்கு மட்டும் வாயெல்லாம் பல். மகன் வீட்டுக்காரன் ஆகிவிட்டான்.

இனிமேல் பேசி என்ன ஆகப்போகிறது? பிள்ளை சந்தோஷமாகவாவது இருக்கட்டும் என்று நினைத்தார் கன்னையன். அருண்பாண்டியின் தோளில் கை வைத்தார்.

"மாப்ளே, நடந்தது நடந்துபோச்சு. வீடு நல்ல வீடுதான். அருமையான வீடு. நல்லா இரு."

அருண்பாண்டியின் முகம் வெளுத்தது.

"மாமா... ஏன் மாமா இப்படிச் சொல்றீங்க?"

"ஏன்டா, நல்லதுதானே சொல்றேன்?"

"சுவர் அப்பளம்னு சொன்னீங்களே மாமா. அடுப்படி கோழிக்கூடுன்னீங்களே. மாமா கண்ணுக்கு இது முதல் தரமாத் தெரியுது, எனக்காக விலையக் கொறைக்கத்தான் இம்புட்டுப் பேசுறாருன்னு நெனச்சேனே. நீங்களே அட்வான்ஸ் குடுத்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமப் போச்சே. இப்ப வந்து அருமையான வீடுங்கிறீங்களே!"

கன்னையன் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆசைப்பட்டது நீதானேடா. நான் தடுத்துத்தானே பார்த்தேன்" என்று முனகினார்.

ராஜாராமின் மனைவி ஈஸ்வரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கும்பிடாத குறையாக நின்றாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ணே. மொத நாளே உங்க மருமகனும் அவரு பொண்டாட்டியும் வந்து, 'எங்க சம்பளத்துக்கு இது தாங்காதுக்கா, வேற ஆளப் பாத்துக்கங்க'ன்னு தீத்துச் சொல்லிட்டுப் போயிட்டாக. மறுநாள் நீங்க மட்டும் கூட்டிக்கிட்டு வரலேன்னா, அவுக எதுக்குண்ணே திரும்பி வந்திருக்கப் போறாக?"