கோட்டுக்கு வெளியே வாப்பா

ஒன்றும் படிக்காதவனால் வீட்டுக்குப் பெரிய சேதம் வராது. பாதி படித்தவனால்தான் வரும். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் சிவில் இஞ்சினியரிங் இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். வீட்டில் எனக்குப் பெயரே 'இஞ்சினியர்'தான். (மூன்று பாடம் திரும்ப எழுத வேண்டும் என்பதை நான் யாரிடமும் கதைக்கவில்லை.)

அந்த வருடம் என் அக்கா, ராத்தாவுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். புதுவீடு கட்ட வழியில்லாதவர்கள் இருக்கிற வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். வாப்பாவும் உம்மாவும் அதைத்தான் செய்தார்கள். தகரக் கூரை, ஒரே ஒரு அறை.

ஆனால் மாரி பிறந்தால் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, வீட்டை உயர்த்தினால்தான் நிக்காஹ் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் லீவு கிடைத்ததும் மார்கழியில், சரியாக மழைக்குள். வாப்பா பொறுப்பை என்னிடம் தந்தார்.

எங்களுக்கு 'சிஸ்டம்ஸ்' என்று ஒரு பாடம் இருந்தது. எதைத் திட்டமிட்டாலும் முதலில் அதைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு போட வேண்டும் என்பது முதல் வகுப்பு. கோட்டுக்கு வெளியே என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும் என்பது இரண்டாம் வகுப்பு. (அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். நான் போகவில்லை.)

ராத்தாவின் வீட்டைச் சுற்றி அழகாக ஒரு கோடு போட்டேன். வீட்டையும் முற்றத்தையும் கிறவல் மண் போட்டு இரண்டடி உயர்த்தினேன். வாசல் ஒழுங்கை கொங்கிறீட் போட்டு உயர்ந்திருந்ததால் தண்ணீரை முன்னால் விட முடியாது. பின்னால் சரிவு வைத்தேன். வேலை செய்த மீராசா மேசன் என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தத் தண்ணி மறுகா எங்க போற?"

"அது என்ட கோட்டுக்கு வெளிய, காக்கா."

அவர் கொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாப்பாவிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். மகன் படித்தவன், அவன் சொல்வதைச் செய் என்று வாப்பா அவர் வாயை அடைத்துவிட்டார்.

நிக்காஹ் நாள் விடியும்போதே மழை கொட்டியது. மதியம் லுஹர் தொழுது முடிந்து மாப்பிள்ளை வந்தார். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் மாப்பிள்ளையின் வாப்பாவைக் கையில் பிடித்து இழுத்துப்போய், சரிவு எத்தனை அங்குலம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் மாஷா அல்லாஹ் என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. காலையிலிருந்து வாப்பாவைக் காணவில்லை என்பதுகூடத் தெரியவில்லை.

நிக்காஹ் நடத்த வந்த லெவ்வை புத்தகத்தை விரித்துவிட்டுக் கேட்டார். "பொண்ணுட வாப்பா எங்க? பொண்ண ஒப்புக்குடுக்கிற வலி இல்லாம எப்பிடி நிக்காஹ் செய்யிற?"

தேடிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தேன். கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணீர். உம்மா கலியாணச் சாரி நனைந்தபடி, குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றார். அரிசி மூட்டை ஊறிப் பெருத்திருந்தது. வாப்பா மண்வெட்டியால் மதிலோரம் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் கிடந்த தகரம் அவர் காலைக் கிழித்திருந்தது. வாப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் ஒரு கீறல்கூட வரக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"மாப்பிள்ள ஆக்கள் இரிக்கக்குள்ள எப்பிடிச் சொல்ற, மகன்? முன்னுக்கு ஒண்டும் இல்லதானே?"

முன்னுக்கு ஒன்றும் இல்லை. மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். செத்துவிடலாம் போலிருந்தது.

வாப்பா சாரனை மாற்றி, காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து மகளை ஒப்புக்கொடுத்தார். வெள்ளை விரிப்பில் சிவப்பாக ஊறியது. மாப்பிள்ளை வீட்டார் அதை வெற்றிலைச் சாறு என்று நினைத்தார்கள். (பெண்ணின் தம்பி துப்பிவைத்திருப்பான் என்றுகூடச் சந்தேகப்பட்டார்களாம்.)

மூன்றாம் வாரம் வாப்பாவின் வலது கால் பெருவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். அதே நாள் மீராசா மேசன் யாரும் கூப்பிடாமலே வந்து, வீட்டின் பக்கவாட்டில் குழாய் பதித்து, தண்ணீரை அடுத்த தெரு வடிகானுக்குத் திருப்பிவிட்டார். வரைபடம் இல்லை. அரை நாள் வேலை.

இப்போது நான் உண்மையாகவே இஞ்சினியர். காலுக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "மகன் அளவெடுக்கக்குள்ள ஒரு விரல விட்டுட்டான்" என்பார் வாப்பா. ராத்தாவின் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். லீவில் போனால், வேலைக்கான வரைபடத்தைக் கொட்டில் தரையில்தான் விரிப்பேன். தாள் சுருளும். வாப்பா நாற்காலியில் இருந்தபடி, நான்கு விரல் உள்ள காலை நீட்டி அதன் மூலையை மிதித்துக்கொள்வார்.

"மகன், இதில நாங்க எங்க இரிக்கம்?"

அன்றைய மாப்பிள்ளையான மச்சான் முதலில் சிரிப்பார், பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். நான் பதில் சொல்லும்வரை வாப்பா காலை எடுக்கமாட்டார்.